பெரியம்மாவின் காது: சின்னப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் கிருமி எப்படிப் பிடிக்கிறது?

பெரியம்மாவின் காது ஒரே நாளில் கிழியவில்லை. நாற்பது வருடமாகக் கனத்த தோடு இழுத்து இழுத்து ஓட்டை நீண்டுகொண்டே வந்தது. கடைசியில் பேரன் விளையாட்டாகப் பிடித்து இழுத்தபோது, நூலாக மிஞ்சியிருந்த தோலும் விட்டுப்போயிற்று. காதுச் சோணை இரண்டு துண்டாகத் தொங்கியது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரையில் அந்த வயதுப் பெண்களிடம் இது ஒன்றும் புதினமல்ல.

அதைத் தைத்து ஒட்டுவது அரை மணித்தியால வேலை. விறைக்க ஊசி போட்டு, ஓரங்களைச் சீவி, நாலைந்து இழை போட்டுவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தனியார் இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். மத்தியானம் முடிந்தது, பின்னேரம் மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போய்விட்டா. ஐந்தாம் நாள் காது பலாச்சுளை போல வீங்கி, இழைக்குள்ளால் சிதள் (சீழ்) வந்தது. ஏழாம் நாள் தையல் முழுக்கப் பிரிந்தது. காது பழையபடி இரண்டு துண்டு, இப்போது தழும்போடு.

கத்தி வைத்தவரில் நான் பிழை சொல்லமாட்டேன். தையலைப் பார்த்தேன், சுத்தமான வேலை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு துண்டுக் கடதாசியில்கூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டாம் நாளே பெரியம்மா கட்டை அவிழ்த்துவிட்டு, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறா. தாதியாக வேலை செய்யும் நானும் அந்தக் கிழமை வாட்டு வேலையில் கிடந்து, ஒரு போன்கூட எடுத்துக் கேட்கவில்லை. அந்தக் கடதாசியில் இருந்திருக்க வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றதும் உடம்புக்குள் பிளாஸ்டிக் வைப்பது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உருவம் கொடுப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நடிகைகளின் மூக்கு மட்டுமல்ல, கிழிந்த காது, முதுகில் உருண்டு நிற்கும் கொழுப்புக் கட்டி, தீக்காயத்தால் இழுபட்ட விரல், முகத்துப் பருமச்சம், தடித்த தழும்பு எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் பெரும்பாலானவை வாட்டில் படுக்காமல், வந்த அன்றே வீடு திரும்பும் சத்திரசிகிச்சைகள்.

ஆஸ்பத்திரியில் படுக்காமல் விடுவதில் ஒரு நன்மை உண்டு. வாட்டுகளில் பழகிப்போன, மருந்துக்கு மசியாத கிருமிகளோடு நாட்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் வாட்டில் மிஸி செய்கிற வேலை முழுவதும் வீட்டில் மகளின் தலையில், அல்லது மருமகளின் தலையில் விழுகிறது. கிருமி பிடித்தால் அது வெளியே தெரிவது பெரும்பாலும் நாலாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். அந்த நேரம் டொக்டரும் இல்லை, மிஸியும் இல்லை. சத்திரசிகிச்சை நடந்து 30 நாளுக்குள் அந்த இடத்தில் வரும் தொற்றைச் சத்திரசிகிச்சைத் தொற்று என்றே மருத்துவத்தில் கணக்கெடுப்பார்கள். உடம்புக்குள் ஏதாவது வைத்துத் தைத்திருந்தால் அந்தக் கெடு இன்னும் நீளும். ஒரு கிழமை தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று இருக்க முடியாது.

கிருமி எங்கேயிருந்து வருகிறது?

பெரியம்மா உட்பட எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அங்க சுத்தமில்ல புள்ள, அதான் கிருமி பிடிச்ச." சில நேரம் உண்மை. பெரும்பாலான நேரம் கிருமி நாம் கொண்டுபோனதுதான்.

வயல் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். கோரை விதையைப் பக்கத்து வயல்காரன் கொண்டுவந்து போடுவதில்லை. அது நம் மண்ணிலேயே கிடக்கிறது. தண்ணி நின்ற விதம், உழுத விதம், பயிர் அடர்ந்த விதம் ஆகியவைதான் அது முளைக்குமா முளைக்காதா என்று முடிவு செய்கின்றன. தோலும் அப்படித்தான். ஸ்டெஃபிலோகொக்கஸ் என்ற பற்றீரியா நம் தோலின் மடிப்புகளில், மயிர்க்கால்களில், மூக்குத் துவாரத்தில் குடியிருக்கிறது. அதில் சிதள் கட்ட வைக்கும் பொல்லாத இனம் ஒன்று, ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. தோல் மூடியிருக்கும்வரை அது அயலவன். தோலை வெட்டிய நிமிடத்தில் அதற்கு வாசல் திறக்கிறது.

வாசல் திறந்ததும் எல்லாருக்கும் கிருமி பிடிப்பதில்லை. மூன்று விஷயங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன: உள்ளே விழுந்த கிருமி எத்தனை, அதற்கு அங்கே சாப்பாடும் ஒளிப்பிடமும் உண்டா, அந்த இடத்துக்கு இரத்தம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது.

இரண்டாவதைப் பற்றி 1957இல் லண்டனில் எலெக், கோனன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. எனக்குப் படிக்கும் காலத்திலிருந்தே மறக்காதது அது. தாங்களாக முன்வந்தவர்களின் தோலுக்குள் இந்த ஸ்டெஃபிலோகொக்கஸை எண்ணி எண்ணிச் செலுத்திப் பார்த்தார்கள். சும்மா தோலில் சிதள் கட்டுவதற்குப் பல மில்லியன் கிருமி தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறு போதும். ஒரு நூல் துண்டு கிருமியின் வேலையை ஆயிரக்கணக்கான மடங்கு சுலபமாக்குகிறது. நூலின் இடுக்கில் ஒளிந்துகொள்ளும் கிருமியை வெள்ளை அணுக்களால் பிடிக்க முடிவதில்லை. இழையைக் குறித்த நாளில் வெட்ட வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான். முகத்தில் 5 முதல் 7 நாள், உடம்பில் 10 முதல் 14 நாள், காலில் ஏறக்குறைய இரண்டு கிழமை. "வெள்ளாமை வெட்டு முடியட்டும், பிறகு வாறன்" என்று மூன்றாம் கிழமை இழையோடு வருபவர்களை ஒவ்வொரு போகத்திலும் பார்க்கிறேன்.

நூலைப் போலவே கட்டிநிற்கும் இரத்தமும் கிருமிக்கு விருந்து. தையலுக்கு அடியில் இரத்தம் தேங்கினால் அங்கே காவலும் இல்லை, சாப்பாடு தாராளம். வெட்டிய கையோடு பாரம் தூக்குவது, குனிந்து கூட்டுவது, பிரெஷர் மாத்திரையை விடுவது எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டும். இரத்தம் இளக்கும் மாத்திரை குடிப்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே டொக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

மூன்றாவது, இரத்த ஓட்டம். முகத்துக் காயம் வேகமாக ஆறும், காலில் உள்ளது இழுத்தடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவுஸ்திரேலியாவில் 5,000க்கும் மேற்பட்ட சிறு தோல் வெட்டுகளை அன்ரிபயோட்டிக் எதுவும் கொடுக்காமல் பின்தொடர்ந்து பார்த்தபோது, மொத்தத்தில் கிருமி பிடித்தது நூற்றுக்கு ஒன்றரை அளவில்தான். முழங்காலுக்குக் கீழே அது நூற்றுக்கு ஏழை நெருங்கியது. காதிலும் இந்த வேறுபாடு உண்டு. சோணை சதைப்பற்றுள்ளது, இரத்தம் தாராளம். மேற்காது குருத்தெலும்பு, அதற்குச் சொந்த இரத்தக் குழாயே இல்லை. இப்போது பிள்ளைகள் மேற்காதில் வரிசையாகக் குத்திக்கொள்கிறார்கள். அதில் சூடோமோனாஸ் என்ற கிருமி பிடித்தால் குருத்தெலும்பு கரைந்து காதே சுருண்டுவிடும், பிறகு அதைத் திருப்பிக் கட்டியெழுப்புவது பெரிய வேலை. குத்தத்தான் வேண்டும் என்றால் சோணையோடு நிறுத்துங்கள் என்று என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறாளா என்பது வேறு கதை.

சீனி, புகை, வெற்றிலை

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் உண்டு. முதல் தடவை அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. இரண்டாம் தடவை தைப்பதற்கு முன் நான் பார்த்தேன், சாப்பாட்டுக்கு முன்னரே 240. இரத்தத்தில் சீனி கூடினால் வெள்ளை அணுக்கள் சோம்பேறியாகிவிடும். கிருமியிருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவும் பிந்தும், சேர்ந்தாலும் ஒழுங்காக விழுங்காது. சத்திரசிகிச்சை நேரத்தில் சீனி டெசிலீற்றருக்கு 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் 2017 வழிகாட்டல். காது ஒன்றும் ஓடிப்போகாது. நாங்கள் ஒன்றரை மாதம் தள்ளிப்போட்டு, கிளினிக்கில் மருந்தைச் சரிசெய்து, சீனியை இறக்கிய பிறகுதான் நாள் குறித்தோம். அவசரமில்லாத சத்திரசிகிச்சையில் உள்ள பெரிய வசதியே நாளை நாம் தெரிவு செய்யலாம் என்பதுதான். அந்த வசதியைப் பலர் வீணடிக்கிறார்கள்.

புகைத்தால் நிகொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். குறைந்தது நாலு கிழமைக்கு முன் விட வேண்டும். "நான் சுருட்டுப் பிடிக்கிறல்ல, வெத்திலதான்" என்பது பெரியம்மாவின் வாதம். வெற்றிலையோடு புகையிலை போனால் அதே நிகொட்டின்தான் இரத்தத்தில் சேர்கிறது. உதட்டிலோ கன்னத்திலோ தையல் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சுண்ணாம்பு தடவிய விரல் நாளுக்கு இருபது தரம் தையலுக்குப் பக்கத்தில் போய்வரும்.

நாள் குறிக்கும்போது மழையையும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் பக்கம் வெள்ளம் ஏறினால் கிணற்றுத் தண்ணி கலங்கும், மலசலகூடக் குழியும் கிணறும் ஒன்றாகும், மருந்து கட்ட வர வீதியும் இராது. இலங்கையின் ஈர மண்ணிலும் வயல் தண்ணியிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பற்றீரியா ஒன்று இருக்கிறது. தோலின் சிறு காயத்தால் உள்ளே போகும், சீனி வருத்தக்காரர்களைத்தான் தேடிப் பிடிக்கும், உயிருக்கே உலை வைக்கும். காலில் கையில் தையலோடு வயலுக்குள் இறங்குவது வீரமல்ல.

முதல் நாள் இரவிலிருந்து

இரண்டாம் தடவை முதல் நாள் இரவும் விடியவும் சவர்க்காரம் போட்டுத் தலையோடு குளிக்க வைத்தேன். சாதாரணச் சவர்க்காரமே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டலும் சாதாரணமானதோ கிருமிநாசினி கலந்ததோ எதுவானாலும் சரி என்கிறது. குளித்த பிறகு எண்ணெய், பவுடர், மஞ்சள், முகத்துக்குக் கிறீம் எதுவும் கூடாது. "எண்ண வைக்காமத் தலை இழுத்தா விசரி மாதிரி இருக்கும்" என்று முணுமுணுத்தா. ஒரு நாளைக்கு விசரியாக இருந்தால் பரவாயில்லை என்றேன். கழுத்துச் சங்கிலி, மூக்குத்தி, மற்றக் காதுத் தோடு எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தோம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. முதுகிலோ நெஞ்சிலோ கட்டி எடுக்கப் போகிறவர்கள், உதவி செய்வதாக நினைத்து முதல் நாளே பிளேட்டால் மழித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிளேட் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும். இரவோடிரவாக அந்தக் கீறல்களில் கிருமி பெருகும். கனடாவில் குரூஸ், ஃபோர்ட் என்ற இருவர் பல்லாயிரம் காயங்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தபோது, பிளேட்டால் மழித்தவர்களில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கிருமி பிடித்தது, மழிக்கவே இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மயிர் இடைஞ்சலென்றால் அங்கேயே மெஷினால் கத்தரிப்பார்கள். நீங்கள் கை வைக்காதீர்கள்.

அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆயுதங்கள் ஒட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் அழுத்தத்தில் வெந்திருக்க வேண்டும், 121 பாகை செல்சியஸில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், அல்லது 134 பாகையில் மூன்று நிமிடத்துக்கு மேல். சட்டியில் கொதிக்க வைப்பது போதாது. ஏற்பு நோய்க் கிருமி போன்றவை கட்டும் விதையுறை 100 பாகைக் கொதிநீரிலும் தப்பிவிடும். பொதியை உங்கள் கண்முன்னே திறக்கிறார்களா என்று பார்க்கலாம். அதன்மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரியும். அந்தக் கோடு சூடு பட்டதைக் காட்டுமே தவிர, உள்ளே முழுக்கச் சுத்தமானதற்குச் சாட்சியல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது நாங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். சுற்று நடுவில் நின்றால் மிச்சத்தைத் தொடர முடியாது, முதலிலிருந்து திருப்பிப் போட வேண்டும். அந்தப் பொறுமை எல்லா இடத்திலும் இருந்திருக்குமா என்று சந்தேகப்பட எனக்கு உரிமை உண்டு.

விறைக்கும் மருந்துப் போத்தல் பலருக்குப் பாவிப்பதாக இருந்தால், ஒவ்வொரு தரமும் புது ஊசியும் புதுச் சிரிஞ்சும் போக வேண்டும். தோலைத் துடைக்கும் மருந்துக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. மதுசாரம் கலந்த குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்துதான், ஆனால் கண்ணுக்குள்ளோ காதுக் குழாய்க்குள்ளோ போனால் கெடுதி. அதனால் முகத்தில் பெரும்பாலும் அயடீன் மருந்தைத்தான் கையில் எடுப்பார்கள். பூசியது காயும்வரை பொறுக்க வேண்டும். காய்ந்தால்தான் வேலை செய்யும், காயாத மதுசாரத்தில் மின்சூட்டுக் கருவி பட்டால் தீயும் பிடிக்கும். டொக்டர் சும்மா நிற்கிறாரே என்று நீங்கள் நினைக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடமும் வேலை நேரம்தான்.

தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணியில் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுக் கிருமிகள் சில வாழ்கின்றன. குளோரினுக்கு இலேசில் சாகாதவை. கொழுப்பு உறிஞ்சும் குழாய்களைக் குழாய்த் தண்ணியில் அலசி, சரியாக அவிக்காமல் திருப்பிப் பாவித்தால் இவை உள்ளே போய்விடும். 2003, 2004இல் டொமினிக்கன் குடியரசுக்குப் போய் மலிவாக அழகுச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அமெரிக்கப் பெண்களில் இந்த வகைக் கிருமி ஒன்று பரவியது. இதன் குணம், உடனே காட்டாது. காயம் ஆறி, பல கிழமை, சில நேரம் மாதங்கள் கழிந்து, தழும்புக்கடியில் சிவந்த கட்டிகளாக எழும்பும். வழக்கமான மாத்திரை எதற்கும் அசையாது, மருந்து மாதக்கணக்கில் போகும். கொழும்பிலோ சென்னையிலோ செய்துவிட்டு வந்து, மூன்று மாதத்துக்குப் பிறகு கட்டி எழும்பினால், "அது பழைய கதை" என்று விடாமல் எங்கே, எப்போது செய்தது என்று இங்குள்ள டொக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஊசி போட்டு முகம் நிரப்புவது, மச்சம் சுடுவது எல்லாம் இப்போது அழகு நிலையங்களிலும் நடக்கிறது. தோலைத் துளைக்கும் எதுவும் சத்திரசிகிச்சைதான். செய்கிறவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மாத்திரை என்ற நம்பிக்கை

பெரியம்மாவின் பெரிய குறை: "இந்தத் தரம் மாத்திரயே தரல்லயே புள்ள. காசு மிச்சம் பிடிக்கிறாங்களோ?"

தரத் தேவையில்லை. சுத்தமான, சிறிய, தோலளவு வெட்டுக்கு அன்ரிபயோட்டிக் தேவைப்படுவது குறைவு. தேவைப்படும் பெரிய வேலைகளில் அதைக் கத்தி வைப்பதற்கு முன் ஒரு தரம் கொடுப்பார்கள், பின்னால் ஐந்து நாளைக்கு அல்ல. காரணம் இலேசானது. வெட்டும்போது இரத்தத்தில் மருந்து ஓடிக்கொண்டிருந்தால், உள்ளே விழும் கிருமியை விழுந்த இடத்திலேயே பிடிக்கும். கிருமி குடியேறி, இரத்தம் உறைந்து, அதைச் சுற்றிச் சுவர் எழும்பிய பிறகு மருந்து போய்ச் சேராது. 1961இல் ஜோன் பர்க் கினிப் பன்றிகளில் இதைக் காட்டினார்: முன்னால் கொடுத்த மருந்து காத்தது, மூன்று மணித்தியாலம் பிந்திக் கொடுத்தது கொடுக்காததற்குச் சமம். ஆனாலும் பாமசியில் போய் "புண் ஆற நாலு கிளொக்சசிலின் தாங்க" என்று வாங்கி, இரண்டைக் குடித்துவிட்டு இரண்டை அலுமாரியில் வைக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போவதாயில்லை. அதனால் வருவது வயிற்றோட்டமும், அடுத்த தரம் மருந்துக்கு மசியாத கிருமியும்தான்.

வீட்டில்

முதல் 48 மணித்தியாலம் கட்டை அவிழ்க்க வேண்டாம். அந்த நேரத்துக்குள் வெட்டின இரு ஓரத்திலிருந்தும் மெல்லிய தோல் நகர்ந்து வந்து வாசலை அடைத்துவிடும். ஆனால் கட்டு நனைந்தாலோ, இரத்தம் ஊறினாலோ, வியர்வையில் பிளாஸ்டர் கழன்றாலோ அந்தக் கணக்கு இல்லை. நனைந்த கட்டு கிருமிக்கு மெத்தை. சித்திரை வெக்கையில் இங்கே ஒரு பகலுக்குள் நனைந்துவிடும். அப்போது கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், மாற்றிக் கட்ட வேண்டும்.

தண்ணி படலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. அவுஸ்திரேலியாவின் மக்காய் என்ற, நம்மைப் போல வெக்கையும் ஈரமும் உள்ள கரையோர ஊரில் கிளேர் ஹீல் என்பவரும் கூட்டாளிகளும் 857 பேரில் இதைப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். பாதிப் பேரை முதல் நாளிலிருந்தே கட்டை எடுத்துவிட்டுச் சாதாரணமாகக் குளிக்கவிட்டார்கள், மற்றவர்களை 48 மணித்தியாலம் நனையாமல் வைத்தார்கள். கிருமி பிடித்தது ஒரு பக்கம் நூற்றுக்கு 8.4, மற்றப் பக்கம் 8.9. வித்தியாசமில்லை. இதைப் படித்துவிட்டு வாவியில் முங்கப் போகாதீர்கள். அது குழாய்த் தண்ணிக் குளிப்பு, நம் கிணற்றை அதனோடு நான் ஒப்பிடமாட்டேன். என் முறை: 48 மணித்தியாலம் காய்ந்தபடி, பிறகு சுத்தமான தண்ணியை மேலிருந்து ஓடவிட்டுக் குளிப்பு, தேய்க்காமல் சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பு. வாவி, கடல், குளம், தீர்த்தக்கேணி எதுவும் இழை வெட்டிப் புண் மூடும்வரை வேண்டாம். சூடான உவர்தண்ணியில் வாழும் விப்ரியோ இனக் கிருமிகளில் சில, சிறு வெடிப்பு கிடைத்தாலே சதையைத் தின்னும். மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு நேர்த்தி இருந்தால், சத்திரசிகிச்சையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். காத்தான்குடியிலிருந்து வரும் தாய்மார், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் வுழூவைச் செய்வது எப்படி என்று கேட்பார்கள். கட்டின் மேலால் ஈரக்கையால் தடவும் சலுகை மார்க்கத்தில் உண்டு, விவரத்தை மௌலவியிடம் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். கையில் தையல் உள்ளவர்கள் மீன் வெட்டவும் கூடாது.

மஞ்சள், கோப்பித்தூள், வேப்பிலை அரைத்தது, திருநீறு எதையும் திறந்த தையலில் வைக்காதீர்கள். மஞ்சளுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டாம் என்று வாதாட வருபவர்களிடம் நான் கேட்பது: அம்மியை அவித்தீர்களா? அயடீனை நாளுக்கு மூன்று தரம் ஊற்றுவதும் வேண்டாம், புதிதாக வளரும் தோலையும் அது சுடும்.

இனிக் கிரந்தி. இறால், கணவாய், சூரை, கத்தரிக்காய், முட்டை எல்லாம் கிரந்தி, புண் சிதள் கட்டும் என்று பெரியம்மாவுக்கு இரண்டு கிழமை சோறும் பருப்புத் தண்ணியும்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு இறால் சொறியைக் கொண்டுவரலாம், அது வேறு. சாப்பாட்டால் தையலில் சிதள் வராது. புதுச் சதை புரதத்தால்தான் கட்டப்படுகிறது. மீனும் முட்டையும் மறித்துவிட்டால் புண் எதைக்கொண்டு ஆறும்? பத்தியம் பார்க்கத்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களோடு நான் சண்டை பிடிப்பதில்லை. பத்தியக் கறியில் விளைமீன் ஒரு துண்டைக் கூடப் போடச் சொல்வேன்.

எப்போது பயப்பட வேண்டும்?

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் நோவும் இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த நோ, மூன்றாம் நாலாம் நாள் திரும்பக் கூடினால் அதுதான் முதல் மணி. சிவப்பு அகலமாகிக்கொண்டு போகும், தொட்டால் சுடும், மணம் வரும், சிதள் வரும், காய்ச்சல் 38 பாகையைத் தாண்டும். புத்தகங்களில் முதலில் எழுதியிருக்கும் சிவப்பு வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் மாநிறத் தோலில், கறுத்த தோலில் சிவப்பு மறைந்துவிடும், அந்த இடம் இன்னும் கறுத்து, பளபளத்து, இறுகித் தெரியும். கண்ணை நம்பாமல் புறங்கையால் தொட்டு மற்றப் பக்கத்தோடு சூட்டை ஒப்பிடுங்கள். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். நாலைந்து மணித்தியாலத்தில் கோட்டைத் தாண்டினால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

முதல் 48 மணித்தியாலத்துக்குள்ளேயே நோவு தாங்க முடியாமல், தோல் ஊதா நிறமாகி, கொப்புளம் போட்டு, ஆள் சோர்ந்து மயங்கினால் அது அரிதான, ஆனால் மணிக்கணக்கில் ஆளைக் கொல்லும் தொற்று. 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே.

மற்றபடி சிதள் கட்டிவிட்டால் அதை வெளியே விடுவதுதான் மருந்து. ஒன்றிரண்டு இழையை வெட்டித் திறந்து, வடியவிட்டு, கிருமி எது என்று பார்க்கச் சிறிது எடுத்து அனுப்பிய பிறகுதான் மாத்திரைக்கு வேலை. வீட்டில் நசுக்கினால் கிருமியை ஆழத்துக்குத் தள்ளுவீர்கள், அவ்வளவுதான்.

பெரியம்மாவின் இரண்டாவது தையல் போன மாதம் நடந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் நான் போய்ப் பார்த்தேன். காது ஆறிக் கிடந்தது, இலையான் மொய்க்காமல் முந்தானையால் மூடியபடி முற்றத்தில் இருந்தா. ஏழாம் நாள் இழை வெட்டினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் கேட்ட முதல் கேள்வி:

"எப்ப புள்ள தோடு போடலாம்?"

மூன்று மாதமாவது போகட்டும் பெரியம்மா, தைத்த கோட்டிலே குத்தக்கூடாது, பக்கத்தில் புது ஓட்டை போடுவோம், சின்னத் தோடாக வாங்குங்க என்றேன். பழைய தோட்டை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தா.

"இது மூண்டு பவுண். இத உருக்கினா ரெண்டு சோடி வருமோ?"